பப்ஜி மாதிரி துப்பாக்கி கேம் ஆடினால் பையன் முரடன் ஆகிவிடுவானா?

ஈரோட்டு அம்மா எழுதியது:

வணக்கம். என் பெரியவன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு), அது சலித்தால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற இன்னொரு துப்பாக்கி கேம். போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராததால் போனைப் பிடுங்கிவிட்டேன். சார்ஜரைச் சுவரில் எறிந்தான். குறுக்கே வந்த தம்பியைப் பிடித்துத் தள்ளினான். இதற்கு முன்னால் அவன் இப்படிச் செய்ததே இல்லை.

அன்றிலிருந்து என் மாமியார், "நாள் முழுக்கச் சுடுறவன் நாளைக்கு நெசமாவே சுடுவான்" என்று ஆரம்பித்துவிட்டார். 2022இல் லக்னோவில் ஒரு பையன் பெற்ற அம்மாவையே சுட்ட செய்தியை யாரோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "அதுல ரத்தமே பச்சை கலர்லதான் வருது, விடு" என்கிறார். இந்த கேம்கள் பிள்ளைகளை அடிதடிக்குக் கொண்டுபோகுமா, போகாதா? மொத்தமாக நிறுத்திவிடலாமா?

தென்காசி வாத்தியார்:

தாராளமாக நிறுத்துங்கள் சகோதரி. 1999இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரண்டு மாணவர்களும் டூம் என்ற துப்பாக்கி கேமில் ஊறிப்போனவர்கள். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பிரவுசிங் சென்டர் பாண்டி:

தங்கச்சி, நான் மதுரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். ஜியோ வந்த பிறகு அது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது, அது தனிக்கதை. எட்டு சிஸ்டம், மணிக்கு 20 ரூபாய். சனி ஞாயிறு வந்தால் மெயில் பார்க்க வருகிறவர்களுக்கு இடமே இருக்காது. ஒரு பக்கம் கவுண்டர் ஸ்ட்ரைக், ஒரு பக்கம் வைஸ் சிட்டி, மூலையில் ஐஜிஐ. "ஹெட்ஷாட்டுடா!" என்ற கத்தல் தெருமுனை வரை கேட்கும்.

என் கடையில் சண்டை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சட்டையைப் பிடித்திருக்கிறார்கள், ஒருமுறை கீபோர்டே உடைந்தது. ஆனால் காரணங்களைக் கேளுங்கள். நேரம் முடிந்தும் ஒருவன் எழுந்திரிக்கவில்லை. புரோட்டா பந்தயம் வைத்துத் தோற்றவன் காசு தரவில்லை. பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்து ஆடினான் என்று புகார். அந்த இடத்தில் கேரம் போர்டு போட்டிருந்தாலும் இதே சண்டைதான். வைஸ் சிட்டியில் போலீஸ் காரைத் திருடி ஊரையே இடித்துத் தள்ளியவன், வெளியே வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் சிக்னலில் நின்றுதான் வீட்டுக்குப் போனான். எங்கள் ஏரியாவில் நிஜமாகவே கத்தி தூக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட என் வாடிக்கையாளர் கிடையாது. அவர்கள் வீட்டில் என்ன நடந்தது, யாரோடு சுற்றினார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும்.

சரி, இது ஒரு கடைக்காரன் கண்ணால் பார்த்தது, இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆராய்ச்சிக்காரர்கள் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கேம் ஆட வைத்துவிட்டு, எதிராளி காதில் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் இரைச்சல் விடுகிறான் என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றுகிறான் என்று பார்ப்பார்கள். இதற்கு ஆக்ரோஷம் என்று பெயர். சாஸ் கொஞ்சம் கூட ஊற்றுகிறவனும் அரிவாள் எடுக்கிறவனும் ஒன்று என்றால் எங்கள் ஊர்ப் புரோட்டா மாஸ்டர்களை எல்லாம் உள்ளே தூக்கி வைக்க வேண்டும்.

ஒன்றுமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 2018இல் 17,000 பேருக்கு மேற்பட்ட சிறுவர், இளைஞர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த கேம்களை ஆடுகிறவர்களிடம் கைகலப்பு பின்னாளில் கொஞ்சம் கூடியது தெரிந்தது. கொஞ்சம்தான். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து வந்த ஆய்வில் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 1,000 பேர். பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று அவனைக் கேட்காமல் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டார்கள். தொடர்பே கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இதுதான்: கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு இருக்கிறது, ஆனால் கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு கேமைக் காரணமாகக் காட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

வாத்தியார் ஐயா, கொலம்பைன் பையன்கள் டூம் ஆடியது உண்மை. ஆனால் 2007இல் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றவனை என்ன சொல்வீர்கள்? அன்றே டிவியில் கேம்மீது பழி போட்டார்கள். அப்புறம் விசாரித்தால், அவனோடு தங்கியிருந்தவர்கள் அவன் கேம் ஆடிப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் ஆடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே என்ன, தினமும் துப்பாக்கிச்சூடா நடக்கிறது?

தங்கச்சி, அந்த லக்னோ செய்தியை இன்னொரு தடவை படியுங்கள். கேம் ஆட விடாத ஆத்திரம் என்றுதான் போலீஸ் அன்று சொன்னது. சுட்டது அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியால். துப்பாக்கி அவன் கைக்கு எப்படிக் கிடைத்தது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டார்களா?

உங்கள் பையனும் நடு மேட்சில் பிடுங்கியபோதுதானே எறிந்தான்? பிஜிஎம்ஐயில் எரங்கல் என்ற மேப்பில் 100 பேர் குதிப்பார்கள், ஒரு மேட்ச் முடிய அரை மணி நேரம் ஆகும். நாலு பேர் ஒரு ஸ்குவாட். இவன் பாதியில் போனால் மற்ற மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள், மறுநாள் பள்ளியில் இவனுக்கு ஏச்சு விழும். "இப்பவே வா" என்பதைவிட "இது முடிஞ்சதும் அடுத்தது போடாதே" என்று சொல்லிப் பாருங்கள். தம்பியைத் தள்ளியதற்கு மட்டும் தனியாகக் கண்டியுங்கள், அதில் கேமை இழுக்காதீர்கள்.

கோவை ஸ்குவாட்:

அக்கா, நான் காலேஜ் இரண்டாம் ஆண்டு, எட்டாவதில் இருந்து ஆடுகிறேன். பாண்டி அண்ணன் சொன்னது சரி, ஆனால் அவர் காலத்தில் மைக் கிடையாது. சுடுவதைவிட அதில் பேசுகிற பேச்சுதான் மோசம். 2021 ஜூனில் தர்மபுரியில் ஒரு பப்ஜி யூடியூபரைப் பிடித்தார்களே, ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசியதற்குத்தான். அதைப் பார்த்து என் கிளாஸில் பாதிப் பேர் அதே மாதிரி பேசினார்கள். செட்டிங்கில் ஆடியோவுக்குப் போய் "டீம்" என்று மட்டும் வையுங்கள், ரேண்டம் ஆட்களோடு ஆடாமல் பள்ளி நண்பர்களோடு ஆடச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று கேமிலேயே கட்டுப்பாடு உண்டு. பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருக்கிறானா என்று ஒரு தடவை பாருங்கள், எல்லாரும் போடுகிற வருஷம் 2000.

தென்காசி வாத்தியார்:

அண்ணாச்சி, புள்ளிவிவரம் எல்லாம் இருக்கட்டும். முதல் பீரியடில் பாதிப் பையன்கள் மேஜையில் தலை வைத்துத் தூங்குகிறார்கள். எழுப்பினால் எரிந்து விழுகிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பிரவுசிங் சென்டர் பாண்டி:

அது நிஜமான பிரச்சினை ஐயா, அதில் உங்கள் பக்கம்தான் நான். உலக சுகாதார நிறுவனம் கேமிங் குறைபாடு என்று நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது, 2022இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த வரையறையில் துப்பாக்கியும் கிடையாது, ரத்தமும் கிடையாது. நிறுத்த முடியாமல் ஆடுவது, படிப்பும் தூக்கமும் கெட்டும் ஆடுவது, அதைத்தான் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணி வரை கேண்டி க்ரஷ் ஆடுகிறவனும் காலையில் எரிந்துதான் விழுவான்.

ஈரோட்டு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பிறந்த வருஷம் பார்த்தேன், 2000தான்! மாற்ற வைத்தாயிற்று. எட்டு மணியோடு முடித்துக்கொள்ளச் சொன்னால், கூட ஆடுகிறவர்கள் டியூஷன் முடிந்து எட்டுக்குத்தான் வருவார்கள் என்கிறான். என்ன செய்வது அண்ணா?

பிரவுசிங் சென்டர் பாண்டி:

எட்டில் இருந்து ஒன்பது, இரண்டு மேட்ச். சாப்பாட்டை ஏழரைக்கே போட்டுவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் போன் உங்கள் அறையில் சார்ஜ் ஏறட்டும். சார்ஜர் உடையாமல் இருக்கிறதல்லவா?