வேட்டை ரைஃபிள் ஒரு நாள் ஓரிடத்திலும் மறுநாள் வேறிடத்திலும் சுடுகிறது: எங்கிருந்து தேடுவது?

கேள்வி

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக என் கையில் இருக்கும், .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கான போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் வகை), சில மாதங்களாகக் குறி வைத்த இடத்தில் சுடுவதில்லை. மரக்கட்டையும் மெல்லிய குழலும் கொண்ட சாதாரண வேட்டைத் துப்பாக்கி அது. 100 மீட்டரில் மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுட்டால், ஒரு நாள் மூன்று துளைகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அடுத்த வாரம் அதே தோட்டாவை அதே இடத்திலிருந்து சுட்டாலும் துளைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் சிதறிக் கிடக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தேன், குழலைச் சுத்தம் செய்தேன், தோட்டாவின் வகையையும் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது போலத் தோன்றி, மறுபடியும் கெட்டுப்போகிறது. வேட்டைக் காலம் தொடங்க இரண்டு மாதங்களே இருக்கின்றன. இந்த நிலையில் ஒரு மானை நோக்கி விசையை இழுக்க எனக்கு மனம் வராது. காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும் உயிருக்கு நான் காரணமாகிவிடக் கூடாது. எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

முதல் பதில்

நண்பரே, மூன்று மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்திருப்பதால், எது உதவியது, எது கெடுத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்போதைக்கு ஸ்கோப்பின் குமிழ்களைத் தொடாதீர்கள். ஒரே வகைத் தோட்டாவில், முடிந்தால் ஒரே உற்பத்தித் தொகுதியில், நின்றுகொள்ளுங்கள். தோட்டா அறையும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி வைத்த பிறகு திருகாணிகளைச் சோதியுங்கள். ஸ்கோப் வளையங்களின் திருகாணிகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். மரக்கட்டையோடு இயங்குபகுதியை (போல்ட் ஓடும் உலோகப் பகுதியை) பிணைக்கும் இரண்டு பெரிய திருகாணிகளுக்குத் தயாரிப்பாளர் தரும் அளவே சரி. வெறும் மரத்துக்கு அது பெரும்பாலும் 4 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கைக்கணக்கில் இறுக்காமல், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கைக்கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும் என்பதே, ஒரு நாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் சுடுவதற்கு நான் அடிக்கடி கண்ட காரணம்.

இரண்டாம் பதில்

திருகாணிகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதற்கு மேல், மூன்று துளைகளை வைத்து ஒரு துப்பாக்கியைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்றாலும், ஐந்து முறை சுட்டால் கிடைக்கும் சிதறல், மூன்று முறை சுட்டால் கிடைப்பதைவிடச் சராசரியாகக் கால் பங்குக்குச் சற்று மேலாகவே விரியும். அதனால், தீப்பெட்டிக்குள் அடங்கிய அந்த நல்ல நாளே தற்செயலாக இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு முறை சுட்டதும் துளை எங்கே விழுந்தது என்று பார்த்து, அதன் அருகில் 1, 2, 3 என்று வரிசை எண்ணை எழுதிவையுங்கள். சிதறலின் அகலத்தைவிட அந்த எண்களின் வரிசைதான் அதிகம் பேசும். எண்கள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், சூடேறும் குழலையும் அதைத் தொடும் மரத்தையும் சந்தேகியுங்கள். முதல் எண் மட்டும் தனியாக விலகி, மற்றவை ஒன்றாக நின்றால், குழலுக்குள் தங்கிய எண்ணெயாக இருக்கக்கூடும். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விழுந்தால், ஸ்கோப்பின் உள்ளேயோ அதன் தாங்கியிலோ ஏதோ தளர்ந்து இரண்டு நிலைகளுக்கு இடையே ஆடுகிறது என்று ஐயப்பட இடமுண்டு. சரியாக வேலை செய்யும் இன்னொரு ஸ்கோப்பைப் பொருத்திப் பார்ப்பதே அதற்கு நேரான சோதனை. எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறினால், சுடுபவரின் கையையும் சோதிக்க வேண்டும். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே மருந்தே இல்லாத போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றித் தரட்டும். வெடிக்காத அந்த முறை குழல்முனை குனிந்தால், காரணம் துப்பாக்கியில் இல்லை.

கேட்டவர்

சொன்னபடியே செய்தேன். மரக்கட்டையின் இரண்டு பெரிய திருகாணிகளில் முன்னால் உள்ளது விரல் பலத்திலேயே சுழன்றது. அது எனக்கே அதிர்ச்சி. அளவுப்படி இறுக்கிய பிறகு ஐந்து முறை சுட்டேன். முதல் இரண்டும் மையத்துக்கு அருகில் விழுந்தன. மூன்றாவது 3 சென்டிமீட்டர், நான்காவது 5, ஐந்தாவது 8 என்று இடப்பக்கமாக மேலே ஏறிக்கொண்டே போயின. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி சுட்டபோதும் அதே வழியில்தான் ஏறின.

மூன்றாம் பதில்

ஐயா, அந்த வரிசை மரம் குழலைத் தொடுவதைத்தான் காட்டுகிறது. ஒரு மெல்லிய தாளைக் குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையில் நுழைத்து, முனையிலிருந்து இயங்குபகுதி வரை இழுத்துப் பாருங்கள். துளைகள் மேலே இடப்பக்கம் போவதால், கீழே வலப்பக்கத்தில் அது சிக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்டால் சுருங்கும். உங்கள் துப்பாக்கி வாரத்துக்கு ஒரு குணம் காட்டுவதற்கும் இதுவே காரணமாகலாம். சில துப்பாக்கிகளில் முனையருகே குழலைத் தாங்கும் மேடு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் சமமாக அமைந்த மேடு தெரிந்தால், துப்பாக்கித் தச்சரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள்.

கேட்டவர்

தாள் முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் நின்றுவிட்டது, கீழே வலப்பக்கம்தான். கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் மட்டும் மரம் நகத்தளவுக்குக் கறுத்து, எண்ணெய் தேய்த்தது போல மினுங்கியது. மறுபக்கத்தில் அப்படி ஏதுமில்லை, மேடும் இல்லை. உருளைக் கட்டையில் மணல்தாளைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். இப்போது இரண்டாக மடித்த அஞ்சலட்டை தடையின்றி ஓடுகிறது. வெறுமையான மரத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து நன்கு உலரவிட்டேன்.

நேற்று இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை சுட்டேன். முதல் துளை மட்டும் 4 சென்டிமீட்டர் கீழே விலகியது, மற்ற நான்கும் 3 சென்டிமீட்டருக்குள் நின்றன. எந்தப் பக்கமும் ஏறவில்லை.

இரண்டாம் பதில் எழுதியவர்

மிகவும் மகிழ்ச்சி. சிதறலை அளக்கப் பயன்படும் கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், வேட்டைக்கு அந்த நான்கு துளைகள் போதுமானவை. ஆனால் வேட்டையில் விலங்கைத் தொடுவது பெரும்பாலும் ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான் என்பதால், விலகிய அந்த ஒரு துளையை அலட்சியம் செய்யாதீர்கள். சுத்தம் செய்து எண்ணெய் இட்ட குழலில், சுடுவதற்கு முன் உலர்ந்த துணித்துண்டுகளை, ஈரம் படிவது நிற்கும் வரை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துவிடுங்கள். பிறகு நான்கைந்து நாட்கள், நாளுக்கு ஒரே ஒரு குண்டை ஆறிய குழலிலிருந்து ஒரே இலக்குத் தாளில் சுட்டு, அத்துளைகளின் நடுவுக்கு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். மழை நாள் ஒன்று வந்தால், அன்று அந்த மெல்லிய தாளை மறுபடியும் குழலுக்கு அடியில் இழுத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.