அப்பாவோட போனைப் பிடுங்கி வைக்கலாமா?

செந்தூல் மக:
அப்பாவுக்கு 71. லோரி ஓட்டுனவர். முன்ன பசியாறக் கடைக்குப் போனா ரெண்டு மணி நேரம் கதை பேசிட்டுத்தான் வருவார். இப்ப நாள் முழுக்க யூடியூப். நேத்து கெட்டில் அடுப்புலயே கரிஞ்சு போச்சு. போன்தான் மறதிக்குக் காரணமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
பிடுங்காதம்மா. 2023-ல வந்த அமெரிக்க ஆய்வுல, டிமென்ஷியா, அதான் மறதி நோய், இல்லாத 18,154 பேரைப் பல வருசம் கவனிச்சாங்க. ஆரம்பத்துல எல்லாரும் 50லேர்ந்து 65 வயசுக்குள்ள. வழக்கமா இணையம் பயன்படுத்துனவங்களுக்கு டிமென்ஷியா அபாயம் கிட்டத்தட்ட பாதிதான். அதுக்காக இணையம்தான் காப்பாத்துச்சுன்னு சொல்லிட முடியாது. மூளை தெளிவா இருக்கிறவங்கதான் போனை நோண்டுறாங்களோ என்னவோ! ஆமா, அப்பா யார்கூடயாவது பேசுறாரா, இல்ல சும்மா பார்த்துட்டே இருக்காரா?

செந்தூல் மக:
பார்க்கிறதுதான். பழைய எம்.ஜி.ஆர். பாட்டு, அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
அப்போ முதல்ல காதைப் பாருங்க. எங்கம்மாவுக்கும் மறதின்னுதான் நெனச்சோம், கடைசில பார்த்தா காது மந்தம். கவனிக்காம விட்டா அதுவே டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும்.

செந்தூல் மக:
அய்யோ, கடைக்குப் போறதை நிறுத்தினதும் அதனாலதான் போல. திங்கக்கிழமை கிளினிக் கூட்டிட்டுப் போறேன். விசில் கெட்டில் வாங்க இருந்தேன், அதுவும் கேட்டிருக்காது.