இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, வணக்கம். 2023 நவம்பரில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் தீவிர வலதுசாரிகளும் ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சிக்காரர்கள் சிலரும் ரகசியமாகக் கூடியதை, கரெக்டிவ் என்ற புலனாய்வு ஊடகத்தின் செய்தியாளர்கள் 2024 ஜனவரி 10 அன்று வெளியிட்டார்கள். ஒரே வாரத்தில் பெர்லினர் அன்சாம்பிள் அரங்கில் அது வாசிப்பு நாடகமாக மேடையேறியது. அதைப் பற்றி எங்கள் நாடகக் குழுவில் பேசப்போகிறேன்.

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரு ஜெர்மன் சொல்லில் சிக்கி நிற்கிறேன்: ‘ரெமிக்ராட்சியோன்’. வந்து குடியேறியவர்களை வெளியேற்றுவதைச் சாதுவாகக் காட்டும் சொல். ‘நாடு கடத்தல்’ என்றால் அந்தப் பூச்சு கலைந்துவிடும். எனக்கு அந்தப் பூச்சுதான் முக்கியம். ‘மீள்குடியேற்றம்’ என்றால், இலங்கையில் இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பியது அல்லவா நினைவுக்கு வரும்? அது நியாயமில்லை. ‘தாயகம் திரும்பல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அங்கேயே பிறந்தவர்களுக்கு எது தாயகம்?

மேடைக்கு மொழிபெயர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.