லத்தீனோ வாடிக்கையாளர்கள்: லைக் இன்ஸ்டாகிராமில், ஆர்டர் வாட்ஸ்அப்பில். எப்படிச் சமாளிப்பது?

தூரதேசி எழுதியது:
லாஸ் ஏஞ்சலஸில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தின் சமூக ஊடக வேலை என் பொறுப்பில் இருக்கிறது. வாங்குபவர்கள் அநேகமாக எல்லாருமே லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). இன்ஸ்டாகிராம் படங்களுக்கு இதயம் குவிகிறது. ஆர்டர் வருவதென்னவோ வாட்ஸ்அப்பில்தான், அதுவும் முக்கால்வாசி குரல் பதிவாக. தேதி, அளவு, சுவை எல்லாம் குழம்பிப்போகிறது.

பண்டிகைச் சலுகையை மொத்தமாக அனுப்ப வாட்ஸ்அப் ஏபிஐ சேவை (நிறுவனங்கள் மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்பும் வழி) ஒன்றை எடுத்தோம். டெம்ப்ளேட்டுக்கு (முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டிய செய்தி வடிவம்) ஒப்புதல் கிடைத்துவிட்டது, ஆனால் அமெரிக்க எண்களுக்குச் செய்தி போகவே மாட்டேன் என்கிறது. விளம்பரத்தில் 'ஹிஸ்பானிக்' (ஸ்பானிஷ் மொழி வழி வந்தவர்) என்று தேர்ந்தெடுக்கும் வசதியையும் காணோம். பதிவுகளை ஸ்பானிஷில் போடுவதா, ஆங்கிலத்திலா என்பதிலும் தெளிவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்குமிழ் எழுதியது:
முதலில் ஏபிஐ விஷயம். கோளாறு உங்கள் பக்கம் இல்லை. +1 என்று தொடங்கும் அமெரிக்க எண்களுக்கு மார்க்கெட்டிங் வகை டெம்ப்ளேட் செய்திகளை வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஏப்ரல் முதல் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆர்டர் உறுதி, டெலிவரி நிலவரம் போன்ற யூட்டிலிட்டி வகை போகும். அதற்காகச் சலுகையை யூட்டிலிட்டி என்று பெயர் மாற்றி நுழைக்கப் பார்க்காதீர்கள். மெட்டா அதை மார்க்கெட்டிங் வகைக்கே மாற்றிவிடும். வாடிக்கையாளர் தானே முதலில் எழுதினால் 24 மணி நேரத்துக்கு டெம்ப்ளேட் இல்லாமலே என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆகவே 'நாம் அனுப்புவது எப்படி' என்பதை விட்டுவிட்டு, 'அவர்களை எழுத வைப்பது எப்படி' என்று யோசியுங்கள்.

ஒரு வீட்டு அடுப்பங்கரைக்கு ஏபிஐயே தேவையில்லை என்பது என் கட்சி. இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலி தாராளம். அதில் கேட்டலாக்கில் (பொருள் பட்டியல்) 500 பொருள் வரை ஏற்றலாம். பன்னிரண்டு கேக் போதும், ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு என்பது பெயரிலேயே இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். இன்ஸ்டாகிராம் சுட்டியைத் தட்டி வந்தவர் யாரும் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார். கேக்கை ஒப்படைத்த அன்றே உங்கள் கான்டாக்ட் கார்டை அனுப்பி, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தோஷமாக இருக்கும் நேரம், மறுக்க மாட்டார்கள்.

குரல் பதிவை ஒழிக்க முடியாது, அது அவர்கள் பேசும் விதம். செட்டிங்ஸில் 'சாட்ஸ்' பகுதிக்குள் குரல் பதிவை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது, ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். பின்னணியில் பாட்டு ஓடினால் தப்பும் தவறுமாக வரும், அதை மட்டும் நம்பாதீர்கள். 'குவிக் ரிப்ளை'யில் (சேமித்து வைக்கும் தயார் பதில்) ஒரு படிவம் செய்து வையுங்கள்: ஃபேச்சா (தேதி), ஓரா (நேரம்), பெர்சோனாஸ் (எத்தனை பேர்), சபோர் (சுவை), ரெயேனோ (உள்ளே வைக்கும் நிரப்பு), தெக்ஸ்தோ (கேக் மேல் எழுத வேண்டியது). குரல் பதிவைக் கேட்டு நீங்களே நிரப்பித் திருப்பி அனுப்பி, 'கன்ஃபிர்மா?' (உறுதிதானா?) என்று கேளுங்கள். அவர் 'சி' (ஆம்) என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் மாவு பிசைய வேண்டும்.

தேதியை '5/6' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அமெரிக்காவில் அது மே 6, மெக்சிகோவிலிருந்து வந்தவருக்கு ஜூன் 5. கிழமையும் மாதப் பெயரும் சேர்த்தே எழுதுங்கள்.

இருமொழியான் எழுதியது:
மொழிக்கு வருகிறேன். 'ஸ்பானிஷா ஆங்கிலமா' என்பதற்கு முன்னால் 'யாருடைய ஸ்பானிஷ்' என்று கேட்க வேண்டும். உங்கள் தொழிலே நல்ல உதாரணம். மெக்சிகோக்காரருக்குக் கேக் என்றால் 'பஸ்தெல்'. போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆட்களுக்கு அது 'பிஸ்கோச்சோ'. போர்ட்டோ ரிக்கோவில் 'பஸ்தெல்' என்றால் கிறிஸ்துமஸுக்கு இலையில் சுற்றி வேகவைக்கும் பண்டம். கொலம்பியா, வெனிசுலாவில் 'தோர்தா' என்பார்கள். அதே 'தோர்தா' மெக்சிகோவில் ரொட்டிக்குள் இறைச்சி வைத்த சாண்ட்விச். மெக்சிகோ கொச்சை வழக்கில் 'பிஸ்கோச்சோ'வுக்கு இன்னொரு பொருளும் உண்டு, இங்கே எழுத முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் 'பஸ்தெல்' என்றே எழுதுங்கள். நாளை நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில் கிளை போட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள், அங்கே டொமினிக்கன்கள் அதிகம்.

வாட்ஸ்அப் பதிலில் 'உஸ்தெத்' என்ற மரியாதை வடிவம் பாதுகாப்பானது. நம் 'நீங்கள்' மாதிரிதான். பாட்டிக்கு 'தூ' போட்டால் நாம் 'நீ' போட்ட கதையாகிவிடும். இன்ஸ்டாகிராம் தலைப்பில் 'தூ' சகஜம். இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, அம்மாவுக்கு ஸ்பானிஷில் அனுப்புவார்கள். ஆகவே ரீல்ஸில் பேச்சு ஸ்பானிஷ், எழுத்து ஆங்கிலம் என்று வைப்பது இரு பக்கமும் பிடிக்கும். லத்தீனோவுக்குப் பதிலாக ஆண், பெண் பேதமில்லாமல் சொல்ல உருவான 'லத்தீன்எக்ஸ்' என்ற சொல்லைத் தவிருங்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் 2020 அறிக்கைப்படி ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம், பெரிய அவமானம். 'ஆனியோஸ்' என்றால் வயது. நடுவில் உள்ள 'ன்' எழுத்துக்கு மேல் ஒரு சிறு நெளிவு வரும். அது விட்டுப்போனால் சொல் 'ஆனோஸ்' ஆகி, உடலின் பின்பக்கத் துவாரத்தைக் குறிக்கும். 'பதினைந்து வயது' என்று கேக் மேல் எழுதும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். போனில் ஸ்பானிஷ் விசைப்பலகை போடாமல் படிவம் நிரப்பினால் நெளிவு வராது, அலங்கரிப்பவரும் பார்த்ததை அப்படியே எழுதிவிடுவார்.

வடிகட்டி எழுதியது:
விளம்பரம். இனத்தை வைத்துக் குறிவைக்கும் வசதியை மெட்டா எடுத்துவிட்டது. 2020-ல் இனவாரியான 'மல்ட்டிகல்ச்சுரல் அஃபினிட்டி' தேர்வு போயிற்று, 2022 ஜனவரியில் இனம், மதம் சார்ந்த மீதி விருப்பங்களும் போயின. இப்போது கையில் இருப்பது இடமும் மொழியும். ஒரே விளம்பரத்தை இரண்டு ஆட்செட்டாக (தனித்தனி இலக்குள்ள விளம்பரத் தொகுப்பு) பிரியுங்கள். ஒன்றில் மொழி 'ஸ்பானிஷ் (அனைத்தும்)'. ஆனால் இது செயலியின் மொழி அமைப்பை ஒட்டித்தான் வேலை செய்யும். வீட்டில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டு போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர் இதில் சிக்க மாட்டார். அவருக்காக இரண்டாவது: மொழிக் கட்டுப்பாடு இல்லாமல் பாய்ல் ஹைட்ஸ், ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ், ஹன்டிங்டன் பார்க், பகோய்மா போன்ற லத்தீனோக்கள் அதிகம் வாழும் இடங்களைச் சுற்றி மட்டும் சின்ன வட்டம். இரண்டிலும் பொத்தான் 'வாட்ஸ்அப்பில் எழுது' என்றே இருக்கட்டும். பியூவின் 2023 கணக்கெடுப்பில் அமெரிக்கப் பெரியவர்களில் 29 சதவீதம் பேர் வாட்ஸ்அப் வைத்திருந்தார்கள், ஹிஸ்பானிக்குகளில் 54. வேறு மக்களிடம் சரிப்படாத இந்தப் பொத்தான் இங்கே சரிப்படுவது இதனால்தான்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையல் விற்பனைக்கு 'காட்டேஜ் ஃபுட்' பதிவு வேண்டும். அதில் குளிர்பதனம் தேவைப்படாத பண்டங்களுக்குத்தான் அனுமதி. மூன்று வகைப் பாலில் ஊறும் 'த்ரேஸ் லேச்சேஸ்' கேக்கும் ஃப்ளானும் (முட்டை, பால் சேர்ந்த புட்டிங்) அதில் வராது. அதை இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்பது நீங்களே சாட்சி சொல்வது மாதிரி. கவுண்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) அனுமதிக்கும் 'மெக்கோ' வீட்டு உணவகத் திட்டம் வேறு, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அது 2024-ல் வந்தது. ஆனால் அன்று செய்ததை அன்றே பரிமாற வேண்டும் என்பது விதி. இரவெல்லாம் ஊற வேண்டிய கேக்குக்கு ஒத்துவராது. வாடகைக்கு வணிகச் சமையலறை எடுப்பதே நேர்வழி. காட்டேஜ் பதிவுள்ளவர் சமூக ஊடக விளம்பரத்திலும் கவுண்டி பெயர், பதிவு எண், 'வீட்டுச் சமையலறையில் செய்தது' என்ற வாசகம் மூன்றையும் காட்ட வேண்டும். பயோவில் (கணக்கின் சுயவிவரக் குறிப்பு) ஒரு வரி போதும் என்று விடாமல் விளம்பரப் படத்திலேயே போடுங்கள்.

தூரதேசி எழுதியது:
ரொம்ப நன்றி. த்ரேஸ் லேச்சேஸ்தான் எங்கள் முதல் படமே, இன்றே எடுத்துவிடச் சொல்கிறேன். இன்னும் ஒன்று: கின்சியானியேரா (பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா) ஆர்டர்களில் ஒருவர் கேட்கிறார், வேறொருவர் பணம் அனுப்புகிறார், மூன்றாமவர் வந்து எடுத்துப்போகிறார். முன்பணம் யாரிடம் கேட்பது?

ஊர்ச்சங்கம் எழுதியது:
அது குழப்பமில்லை, வழக்கம். அந்த விழாச் செலவை 'பத்ரினோஸ்' (ஞானப்பெற்றோர் மாதிரி பொறுப்பேற்கும் உற்றார்) பங்கு போட்டுக்கொள்வார்கள். கேக்குக்கு ஒரு 'மத்ரினா' (அவர்களில் ஒரு பெண்) இருப்பார், உடைக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர். நம் வீட்டு விசேஷத்தில் தாய்மாமன் சீர் மாதிரி. ஆகவே முதல் செய்தியிலேயே 'கேக்கின் மத்ரினா யார்?' என்று கேட்டு, அம்மா, மத்ரினா, நீங்கள் மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று திறங்கள். வடிவமைப்பை அம்மா முடிவு செய்வார், பணம் மத்ரினா தருவார். வடிவம் மாறி விலை ஏறினால் இருவர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படும். தனித்தனியாகப் பேசினால் சண்டை உங்கள் தலையில் விடியும். பாதி முன்பணம், மீதி விழாவுக்கு ஒரு வாரம் முன்பு. ஸெல்லில் (வங்கிவழிப் பணப்பரிமாற்றச் சேவை) வாங்கினால் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், வங்கிச் செயலியில் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் பிசினஸில் அந்த உரையாடலுக்கு 'பணம் வந்தது' லேபிள் ஒட்டுங்கள்.

விழா முடிந்ததும் படத்தில் புகைப்படக்காரர், டிஜே, மண்டபம் மூவரையும் டேக் செய்யுங்கள். அடுத்த ஆர்டர் அநேகமாக அவர்கள் வழியாகத்தான் வரும். முகநூலில் ஸகாடெகாஸ், ஓஹாகா போன்ற மெக்சிகோ மாநிலத்தவர்களின் ஊர்க் குழுக்கள் உண்டு. சொந்த ஊர்த் திருவிழாவை அங்கிருந்து நேரலையில் பார்ப்பார்கள். அங்கே நுழைந்தவுடன் விலைப்பட்டியல் போட்டால் அட்மின் வெளியேற்றிவிடுவார். விற்பனைப் பதிவுக்கு நாள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று விதியைப் படியுங்கள். ஓஹாகாக்காரர்களில் பலருக்கு ஸபொட்டெக் போன்ற பூர்வகுடி மொழிதான் தாய்மொழி என்பதும் நினைவிருக்கட்டும்.

தூரதேசி எழுதியது:
அருமை. அன்னையர் தினச் சலுகையை எந்தத் தேதிக்கு வைப்பது?

ஊர்ச்சங்கம் எழுதியது:
இரண்டுக்கும். அமெரிக்காவில் மே இரண்டாம் ஞாயிறு, மெக்சிகோவில் எந்தக் கிழமையானாலும் மே 10. 2026-ல் இரண்டும் ஒரே நாள். 2027-ல் ஞாயிறு 9-ஆம் தேதி, 10 திங்கள். அந்தத் திங்கட்கிழமைக்குத் தனியாக ஆர்டர் வரும், அடுப்பு அட்டவணையில் இடம் விட்டு வையுங்கள்.