சைனஸ் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி

வணக்கம். நாள்பட்ட சைனஸ் அழற்சியும் மூக்கில் பாலிப்பும் (சதை வளர்ச்சி) இருந்ததால், எண்டோஸ்கோப்பி வழியாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. மூக்கடைப்பு நீங்கி, வாசனையும் திரும்பிவிட்டது. ஆனால் சென்ற வாரப் பரிசோதனைக் குறிப்பில் 'லண்ட்-கென்னடி 6' என்று எழுதி, மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக இருக்கும் எனக்கு ஏன் இந்த 6? சிடி ஸ்கேன் எடுத்தால் தெளிவாகுமா?

பதில் 1 (காது-மூக்கு-தொண்டை மருத்துவர்)

எண்டோஸ்கோப்பியில் காணும் பாலிப், சளிச்சவ்வு வீக்கம், சளி அல்லது சீழ், தழும்பு, பொருக்கு ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பக்கத்திற்கும் 0 முதல் 2 வரை மதிப்பளித்து, மொத்தம் 20க்குக் கூட்டுவதுதான் அந்த லண்ட்-கென்னடி எண். இவற்றில் தழும்பும் பொருக்கும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை விட்டுச்சென்ற தடங்கள். அவை அழற்சியின் அளவல்ல. அதனால்தான் அவ்விரண்டையும் நீக்கி, 12க்குக் கணக்கிடும் திருத்திய முறை 2014இல் வந்தது. இரு பக்கமும் பொருக்கு 1, தழும்பு 1, லேசான வீக்கம் 1 என்றாலும் கூட்டுத்தொகை 6. இரு பக்கமும் கடும் வீக்கம் 2, சிறு பாலிப் 1 என்றாலும் அதே 6. திருத்திய முறையில் முன்னது 2 ஆகும், பின்னது 6ஆகவே நிற்கும். ஆகவே அந்த 6 எவற்றால் ஆனது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 2

ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். சிடி ஸ்கேனில் தெரிவதற்கு மதிப்பெண் தந்து 24க்குக் கணக்கிடும் லண்ட்-மேக்கே முறை, அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயின் பரவலை மதிப்பிட உருவானது. சைனஸ்கள் மூக்கினுள் வடியும் பொதுவழி அடைபட்டிருந்தால் அதில் 2 மதிப்பெண். அந்த வழியையே அகலத் திறந்துவிட்ட பிறகு அந்த வரிக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. மேலும், சவ்வு சற்றுத் தடித்திருந்தாலும் சைனஸ் முக்கால்வாசி நிரம்பியிருந்தாலும் அது 1தான் தரும். தொல்லை திரும்பினாலோ, சிக்கல் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலோ ஸ்கேன் எடுப்பதே முறை.

பதில் 3 (மூக்கியல் ஆய்வில் பணியாற்றுபவர்)

நோயாளி உணர்வதை அளக்க ஸ்னாட்-22 என்ற வினாத்தாள் இருக்கிறது: 22 கேள்விகள், மொத்தம் 110, ஏறத்தாழ 9 புள்ளிகள் குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். இந்த எண்ணும் எண்டோஸ்கோப்பி எண்ணும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. பாலிப் நோயில், மூக்கு அடைபடுவதற்கு முன்பே வீக்கம் உள்ளே திரும்பத் தொடங்கலாம். ஆகவே நலமாக உணர்வதை மட்டும் வைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தழும்பை அழற்சிக் கணக்கிலிருந்து நீக்கலாம், கவனத்திலிருந்து நீக்கக் கூடாது. நெற்றிச் சைனஸின் குறுகிய வாயில் தழும்பு மூடிக்கொண்டால், சளி தேங்கி அழற்சி மீண்டும் அங்கிருந்தே கிளம்பும்.