1830 யேல் கூம்பு வளைவுக் கலகம்: 43 பேரை நீக்கியது சரியா?

சுண்ணக்கட்டி:
அமெரிக்காவின் யேல் கல்லூரி, இரண்டாமாண்டு வகுப்பு. கூம்பு வளைவுகள் (கூம்பை வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டம், பரவளையம் போன்றவை) பாடத்தில் அதுவரை புத்தகத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே நிறுவலாம். இனிமேல் கரும்பலகையில் தாங்களே படம் வரைந்து நிறுவ வேண்டும் என்றதும் பையன்கள் கூட்டாக மறுத்தார்கள். 96 பேரில் 43 பேர் நீக்கம். சோம்பேறிகள் என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். என்னைக் கேட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான். படத்தை உருப்போடுவது வடிவியல் ஆகுமா?

குவியம்:
உருப்போட என்ன தேவை? பரவளையத்தில் ஒரு புள்ளிக்குத் தொடுகோடு போடுங்கள். அது அச்சை வெட்டும் இடம் த. அந்தப் புள்ளியிலிருந்து அச்சுக்கு இறக்கிய செங்குத்தின் அடி ந. முனை, அதாவது வளைவு அச்சை வெட்டும் இடம், ‘த’வுக்கும் ‘ந’வுக்கும் சரிபாதியில் விழும் என்பது தேற்றம். வளைவை முதலில் கிறுக்கிவிட்டுத் தொடுகோட்டைக் கண்ணளவில் இழுத்தால் த எங்கோ போய்விடும், பாதி பாதியாக வராது. அச்சு, முனை, ந மூன்றையும் குறித்து, முனைக்கு மறுபக்கம் அதே தூரத்தில் ‘த’வை வைத்து, கோட்டை இழுத்து, அதைத் தொடுகிற மாதிரி வளைவைக் கடைசியாகப் போட்டால் படம் தப்பாது. இந்த வரிசை தெரியாதவனுக்குத் தேற்றமே தெரியாது என்றுதான் அர்த்தம்.

சுண்ணக்கட்டி:
சுலபமானதாகப் பார்த்து எடுத்துவிட்டீர்கள் :) நீள்வட்டத்தின் இணை விட்டங்களுக்கு வாருங்கள், அதாவது ஒன்றின் நுனியில் போட்ட தொடுகோடு மற்றதற்கு இணையாக இருக்கும் விட்ட ஜோடி. அவற்றின் நான்கு நுனிகளிலும் தொடுகோடு போட்டால் கிடைக்கும் இணைகரத்தின் பரப்பு, எந்த ஜோடியை எடுத்தாலும் மாறாது. கையால் வரைந்த நீள்வட்டம் கொஞ்சம் கோணினாலே எதிரெதிர்த் தொடுகோடுகள் இணையாக வராது. பயந்துபோய் அச்சுகளையே விட்டங்களாக எடுத்தால் செவ்வகம்தான் வரும். நிறுவுவது சிறப்பு நிலையை மட்டும். இங்கே சோதிக்கப்படுவது கைத்திறன், தர்க்கம் இல்லை.

குவியம்:
அந்தச் செவ்வகத்தில் நின்றுவிடுகிறவனைக் கண்டுபிடிக்கத்தானே பலகை! புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவன் அகப்படவே மாட்டான். கல்லூரித் தலைவர் ஜெரமையா டே கணக்கு தெரியாதவரும் அல்ல, 1814இலேயே இயற்கணிதப் பாடநூல் எழுதியவர். மனத்தில் சரக்கை நிரப்புவதைவிட அதைப் பயிற்றுவதே முக்கியம் என்று அவர் காலத்து யேல் பாடத்திட்டம் பற்றிய 1828 அறிக்கை சொன்னது. அடுத்த இரண்டே வருடத்தில் அதற்கு விலக்கு கேட்டால் கொடுப்பாரா?

பழைய ஏடு:
இரண்டு பேரும் கணக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பாடம் வராதவனை நீக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து மறுத்தவனை நீக்கினார்கள். சாப்பாடு சரியில்லை என்று 1828இல் நடந்த 'ரொட்டி வெண்ணெய்க் கலகம்' யேல் நிர்வாகத்துக்கு மறந்திருக்குமா? நீக்கப்பட்டவர்களில் அப்போதைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஜான் கல்ஹூனின் மகன் ஆண்ட்ரூவும் உண்டு. அப்பா அதே யேலில் 1804இல் பட்டம் வாங்கியவர். சலுகை கிடைக்கவில்லை.

சுண்ணக்கட்டி:
கூட்டாக மறுத்தது குற்றம், சரி. பெயர்ப் பட்டியலை மற்றக் கல்லூரிகளுக்கும் அனுப்பி, சேர்க்காதே என்றார்களே, அது என்ன கணக்கு?

பழைய ஏடு:
அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், அது பழிவாங்கல்தான். ஆனால் எல்லாக் கதவும் சாத்தப்படவில்லை. நீக்கப்பட்ட ஆல்ஃபிரட் ஸ்டில்லே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து மருத்துவரானார். பிற்பாடு அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கே தலைவர்.