புதுப்பிப்பு: அமெரிக்காவில் ஆர்வி காப்பீடு, விடுபட்டவை

ஆர்வி என்பது தங்கிப் பயணிக்க வசதியுள்ள வண்டி: தானே ஓடினால் மோட்டார்ஹோம், வேறொரு வண்டி இழுத்துச் சென்றால் இழுவை டிரெய்லர். மோட்டார்ஹோமுக்கு எந்தக் கவரேஜ் (காப்பீட்டுப் பாதுகாப்பு) எடுப்பது என்ற என் பழைய பதிவில் இழுவை டிரெய்லரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அது போதாது.

டிரெய்லரை இழுத்துச் செல்லும்போது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் இழுக்கும் பிக்கப் வண்டியின் லயபிலிட்டியே (அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு) ஏற்கும். ஆனால் டிரெய்லர் நொறுங்கினால் அதற்குப் பணம் வராது. அதற்கென்று தனியாகக் கொலிஷன் (மோதல் சேதத்துக்கு), காம்ப்ரிஹென்சிவ் (தீ, திருட்டு போன்ற மற்றச் சேதங்களுக்கு) இரண்டும் வேண்டும்.

அடுத்தது மதிப்பு. சாதாரண பாலிசி தேய்மானம் கழித்த சந்தை விலையைத்தான் தரும். 60,000 டாலர் கடன் பாக்கியுள்ள வண்டியின் சந்தை விலை 52,000 என்றால், முழுச் சேதத்தில் 8,000 டாலரும் டிடக்டிபிளும் (கிளெய்மில் நாம் ஏற்க வேண்டிய பங்கு) உங்கள் தலையில். புது வண்டிக்கு 'டோட்டல் லாஸ் ரீப்ளேஸ்மென்ட்' (முழுச் சேதமானால் அதே மாதிரி புது வண்டி) கேளுங்கள். அது எத்தனை மாடல் ஆண்டுவரை செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழையதை நிறையச் செலவழித்துப் புதுப்பித்திருந்தால் 'அக்ரீட் வேல்யூ' (பாலிசி எடுக்கும்போதே பேசி முடிக்கும் மதிப்பு) நல்லது. ரசீதுகளும் படங்களும் பத்திரம்.

அடிக்கடி நிராகரிக்கப்படுவது தண்ணீர்ச் சேதம். கூரை இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் வெடித்து மெல்லக் கசிந்தால் அது பராமரிப்புக் குறை என்பார்கள். எலி கடித்த வயரும் பல பாலிசிகளில் அப்படியே. கூரையைப் பார்த்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆண்டு முழுக்க வண்டியிலேயே வசிப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லி 'ஃபுல் டைமர்' லயபிலிட்டி (வண்டியையே வீடாகக் கொண்டவர்களுக்கானது) எடுக்க வேண்டும். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது கொலிஷனை நிறுத்தலாம், காம்ப்ரிஹென்சிவை நிறுத்தாதீர்கள்: தீ, திருட்டு, ஆலங்கட்டி. வண்டிக்குக் கடன் இருந்தால், கொலிஷனை நிறுத்தும் முன் வங்கியைக் கேளுங்கள்.

மெக்சிகோ போனால் அந்நாட்டு நிறுவனத்தின் லயபிலிட்டி பாலிசி கட்டாயம். அமெரிக்க லயபிலிட்டியை அங்கே ஏற்கமாட்டார்கள்.